விசில் ஊதாத ஃப்ரீ கிக்: ஓர் அணி ஆட்டத்தை விட்டுப் போன இரவு

எந்த ஆட்டம், எதற்கு இந்தப் பதிவு

2023 மார்ச் 3, வெள்ளிக்கிழமை இரவு. பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா மைதானத்தில் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) பிளே ஆஃப் ஆட்டம். பெங்களூரு எஃப்சியும் கேரளா பிளாஸ்டர்ஸும் மோதின. தொண்ணூறு நிமிடம் சமனில் முடிந்ததால் கூடுதலாக ஆடிய எக்ஸ்ட்ரா டைமில் ஒரு கோல் விழுந்தது. அது செல்லாது என்று நினைத்த கேரள அணியின் பயிற்சியாளர் தன் ஆட்டக்காரர்களை வெளியே கூப்பிட்டுக்கொண்டார். அவர்கள் திரும்பி வரவேயில்லை.

பள்ளிப் பையன்களுக்குக் கால்பந்து சொல்லித்தருகிறவன் நான். விதி, பயிற்சியாளர் எடுக்கும் முடிவு, டிவியில் நாம் பார்ப்பது ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்ட ஆட்டம் இதைப்போல் இன்னொன்று நம் நாட்டில் எனக்குத் தெரிந்து இல்லை. அதனால் முதலிலிருந்து முடிவு வரை எழுதி வைக்கிறேன். அணிகளின் பெயரைச் சொல்கிறேன், ஆட்களின் பெயரை விட்டுவிட்டேன். யார் என்று பலருக்குத் தெரியும். ஆனால் பெயரைப் போட்டதும் பேச்சு அந்த ஆளைப் பற்றியதாக மாறிவிடுகிறது, நடந்தது என்ன என்பது பின்னால் போய்விடுகிறது.

பின்னணி

அந்த சீசனில்தான் பிளே ஆஃப் முறை மாறியது. அதுவரை முதல் நான்கு அணிகள் நேராக அரையிறுதிக்குப் போகும். 2022-23இல் ஆறு அணிகள் என்று ஆக்கினார்கள். முதல் இரண்டு இடத்துக்கு அரையிறுதி நிச்சயம். மூன்றிலிருந்து ஆறு வரை வந்தவர்கள் ஒரே ஒரு நாக் அவுட் ஆட்டம் ஆட வேண்டும், அதுவும் பட்டியலில் மேலே இருப்பவரின் மைதானத்தில். நான்காவதாக வந்தது பெங்களூரு, ஐந்தாவது கேரளா. அப்படித்தான் கண்டீரவாவுக்கு ஆட்டம் வந்தது.

இரண்டு அணிகளும் எதிரெதிர் மனநிலையில் வந்திருந்தன. சீசனின் முதல் பாதியில் தடுமாறிய பெங்களூரு, கடைசி எட்டு லீக் ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்திருந்தது. கேரளா கடைசி மூன்றையும் தோற்றிருந்தது. அதில் ஒன்று, மூன்று வாரம் முன்பு இதே கண்டீரவாவில் 0-1. அதற்கும் பின்னால் பழைய காயங்கள் இருந்தன. 2014, 2016, 2022 என மூன்று முறை இறுதி ஆட்டம் வரை போய் மூன்றிலும் கோப்பையை விட்ட அணி கேரளா. கடைசி இரண்டு தோல்வி பெனால்டியில். நடுவர்களின் தீர்ப்பால் நாங்கள் தொடர்ந்து அடிபடுகிறோம் என்ற எண்ணமும் அந்த முகாமில் ஊறிப் போயிருந்தது. அது சரியா தவறா என்பதை ஒதுக்கி வைப்போம். அந்த எண்ணத்தோடுதான் அவர்கள் அன்று களத்தில் இறங்கினார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

கேரளாவின் மஞ்சள் சட்டை ரசிகர்கள் பெரும் கூட்டமாக வந்திருந்தார்கள். தென்னிந்தியாவில் கால்பந்துக்கு இதைவிடச் சூடான மோதல் கிடையாது. அந்த சீசனில் பெங்களூருவின் முன்வரிசையில் சிவகங்கை மாவட்டத்து இளைஞர் ஒருவர் ஆடிக்கொண்டிருந்ததால் நம் பக்கத்திலும் இதைக் கவனித்தவர்கள் உண்டு.

தொண்ணூறு நிமிடமும் கோல் இல்லை.

அந்த அரை நிமிடம்

எக்ஸ்ட்ரா டைம் தொடங்கி ஆறேழு நிமிடம் இருக்கும். கேரளாவின் பாக்ஸுக்கு, அதாவது கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி பகுதிக்கு, சற்று வெளியே பெங்களூருவுக்கு ஃப்ரீ கிக் (எதிரணி ஃபவுல் செய்ததற்காகக் கிடைக்கும் அடி) கிடைத்தது. பந்தின் பக்கத்தில் பெங்களூருவின் மூத்த ஸ்ட்ரைக்கர். அவருக்கு நேர் முன்னால் கேரளாவின் வெளிநாட்டு நடுக்கள ஆட்டக்காரர். நடுவர் அருகில் நிற்கிறார். கேரள கோல்கீப்பர் கோலுக்கு முன்னால் வந்து, கையைக் காட்டி, ஆட்டக்காரர்களைச் சுவராக நிறுத்திக்கொண்டிருக்கிறார். நடுக்கள ஆட்டக்காரர் பந்தை விட்டு நகர்ந்து முதுகைக் காட்டியதுதான் தாமதம், ஸ்ட்ரைக்கர் மெதுவாகத் தூக்கிப் போட்டார். பந்து காலி கோலுக்குள் விழுந்தது. நடுவர் கோல் என்று காட்டிவிட்டார்.

கேரள ஆட்டக்காரர்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: விசில் எங்கே?

இந்த இடத்தில் விதியைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். எல்லா ஃப்ரீ கிக்குக்கும் விசில் தேவை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அடிக்கும் அணி விரும்பினால் உடனே அடித்துவிடலாம், நடுவர் விசில் ஊத வேண்டியதில்லை. ஃபவுல் செய்த அணி சுவர் போட்டு முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும் என்றால் அது தவறு செய்தவனுக்குச் சலுகை ஆகிவிடும் என்பதுதான் இதன் நியாயம். ஆனால் எதிரணியை 9.15 மீட்டர் தள்ளி நிறுத்தும் வேலையை நடுவர் கையில் எடுத்துவிட்டால் கதை வேறு. அதன்பிறகு அவர் விசில் ஊதினால்தான் ஆட்டம் தொடங்கும். பொதுவாக நடுவர்கள் விசிலைக் கையில் தூக்கிக் காட்டி, “இதுக்காகக் காத்திரு” என்று சைகை செய்வார்கள்.

ஆக, கேள்வி ஒன்றே ஒன்று. நடுவர் அந்த இடைவெளி வேலையைத் தொடங்கிவிட்டாரா இல்லையா? நடுக்கள ஆட்டக்காரரைப் பின்னால் போகச் சொன்னார், அதனால் விசில் கட்டாயம் என்பது கேரளாவின் வாதம். எனக்கு விசிலும் வேண்டாம் சுவரும் வேண்டாம் என்று நடுவரிடம் சொன்னேன், நிச்சயமா என்று கேட்டார், ஆமாம் என்றேன், அது பக்கத்தில் நின்றவர் காதிலும் விழுந்தது, அதனால்தான் அவர் முதலில் மறித்து நின்றார் என்பது ஸ்ட்ரைக்கர் ஆட்டம் முடிந்ததும் சொன்ன கணக்கு.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முழு விவகாரமும் மூன்று பேர் நின்ற இடத்தில் பேசப்பட்ட ஓரிரு வார்த்தையில் தொங்குகிறது. மைதானம் நிறைய இருந்த கூட்டம் அதைக் கேட்கவில்லை. கோல்கீப்பர் கேட்கவில்லை. டக் அவுட்டில் நின்ற பயிற்சியாளருக்கும் அந்த இரைச்சலில் கேட்டிருக்க வழியில்லை.

இந்தக் காட்சியை என் பையன்களுக்கு ஒருமுறை போட்டுக் காட்டினேன். பாதிப் பேர் கோல் என்றார்கள், பாதிப் பேர் இல்லை என்றார்கள். பின்வரிசையில் இருந்த ஒருவன் மட்டும், “சார், கீப்பர் சுவரைத்தான் பார்க்குறாரு. பந்தை யாருமே பார்க்கல சார்” என்றான். மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான்.

வெளியே கூப்பிட்ட முடிவு

கொஞ்ச நேர வாக்குவாதத்துக்குப் பிறகு கேரளப் பயிற்சியாளர் கோட்டைத் தாண்டிக் களத்துக்குள் வந்தார். கையசைத்துத் தன் ஆட்டக்காரர்களை அழைத்தார். அவர்கள் அவர் பின்னால் போய் உள்ளே மறைந்தார்கள். பெங்களூரு ஆட்டக்காரர்கள் களத்திலேயே நின்றார்கள். சுமார் இருபது நிமிடக் காத்திருப்புக்குப் பிறகு, ஆட்டத்தை மேற்பார்வையிடும் அதிகாரியான மேட்ச் கமிஷனரோடு பேசி முடித்து, நடுவர் ஆட்டத்தை முடித்து வைத்தார். பெங்களூரு 1-0 என்று அரையிறுதிக்குப் போனது.

அந்த நேரத்தில் பயிற்சியாளர் மனதில் என்ன ஓடியிருக்கும்? பழைய மனக்குறைகளும் சேர்ந்துதான் அப்படிச் செய்ய வைத்தன என்று அவர் தரப்பு விளக்கம் சொன்னதாகப் பின்னர் செய்திகள் வந்தன. நம்பக்கூடிய விளக்கம்தான். தன் பையன்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று மனதாரத் தோன்றும்போது அவர்களோடு நிற்கத்தான் ஒரு பயிற்சியாளருக்குத் தோன்றும். அந்த உணர்வை நான் குறை சொல்ல மாட்டேன்.

வெளியேறினால் தீர்ப்பு மாறும் என்ற நம்பிக்கைக்கு உலகக் கோப்பையிலேயே ஒரு முன்கதை உண்டு. 1982, ஸ்பெயினின் வயாடோலிட் நகரம், பிரான்சுக்கும் குவைத்துக்கும் ஆட்டம். கூட்டத்திலிருந்து வந்த விசில் சத்தத்தை நடுவரின் விசில் என்று நினைத்துக் குவைத் வீரர்கள் நின்றுவிட்டார்கள், பிரான்ஸ் கோல் போட்டுவிட்டது. குவைத் கால்பந்துச் சங்கத் தலைவரான இளவரசர் பார்வையாளர் பகுதியிலிருந்து இறங்கிக் களத்துக்கே வந்தார். நடுவர் கோலை ரத்து செய்தார். ஆனால் பிரான்ஸ் எப்படியும் 4-1 என்று ஜெயித்தது, அந்த நடுவரின் சர்வதேச வாய்ப்பும் அதோடு போனது. அதன்பிறகு எந்த நடுவரும் அந்த வழியில் போகத் துணிய மாட்டார்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் கேரளா இழந்தது பெரிது. எக்ஸ்ட்ரா டைமில் இன்னும் இருபது நிமிடத்துக்கு மேல் பாக்கி இருந்தது. ஒரு கோல்தான் பின்தங்கல். தொண்ணூறு நிமிடம் எதிரணி மைதானத்தில் கோல் வாங்காமல் நின்ற அணி அது. ஒரு கோல் போட்டால் பெனால்டி வரை இழுத்திருக்கலாம். ஆட்டத்தை எதிர்ப்போடு ஆடி முடித்துவிட்டு, எழுத்து மூலம் புகார் கொடுக்கும் வழியும் இருந்தது. வெளியேறியதும் இத்தனையும் ஒரே நொடியில் போய்விட்டன.

இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கிரிக்கெட் சம்பவம் நினைவுக்கு வரும். 1981 பிப்ரவரி, மெல்போர்ன் டெஸ்ட். எல்பிடபிள்யூ தீர்ப்பில் கொதித்துப்போன இந்திய கேப்டன், எதிர்முனையில் இருந்த பேட்ஸ்மேனையும் கூட்டிக்கொண்டு வெளியே நடந்தார். எல்லைக் கோட்டருகே அணியின் மேலாளர் வந்து நின்று, அந்த இன்னொரு பேட்ஸ்மேனைத் திருப்பி அனுப்பினார். ஆட்டம் தொடர்ந்தது. கடைசியில் ஆஸ்திரேலியாவை 83 ரன்னுக்குச் சுருட்டி 59 ரன் வித்தியாசத்தில் இந்தியா ஜெயித்தது.

கண்டீரவாவில் அப்படிக் கோட்டருகே நின்று மறிக்க யாரும் இல்லை. துணைப் பயிற்சியாளர் இருந்தார், மேலாளர் இருந்தார், மூத்த வீரர்கள் இருந்தார்கள். தலைமைப் பயிற்சியாளரைத் தடுத்து, “பொறுங்க, முதல்ல ஆடி முடிப்போம்” என்று சொல்லும் வேலை அவர்களில் யாருக்கும் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் உறுத்துவது இதுதான். தவறான முடிவு யாருக்கும் வரும். அதை நிறுத்த ஓர் ஆளை முன்கூட்டியே வைத்துக்கொள்ளாதது அமைப்பின் குறை.

திரையில் வந்ததும் வராததும்

ஒளிபரப்பு பற்றி என் மனக்குறையை வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

நான் பார்த்த ரீப்ளே பெரும்பாலும் ஸ்ட்ரைக்கரின் கால் பந்தைத் தொடும் இடத்தில் தொடங்கியது. பிறகு பந்து வலைக்குள், கொண்டாட்டம், சூழ்ந்துகொள்ளும் மஞ்சள் சட்டைகள். பின்னர் கைப்பேசிகளில் சுற்றிய துண்டுக் காட்சிகளும் அப்படியே. ஆனால் இந்த ஆட்டத்தில் கோலைக் காட்டுவதில் என்ன இருக்கிறது? பந்து உள்ளே போனதில் யாருக்கும் சந்தேகம் இல்லையே. பார்க்க வேண்டியது ஃபவுலுக்கும் அடிக்கும் இடையிலான அந்த அரை நிமிடம்: நடுவரின் கை எங்கே இருந்தது, விசிலைக் காட்டினாரா, யாரைப் பார்த்துப் பேசினார். அதை வெட்டாமல், அகலக் கோணத்தில், ஆரம்பத்திலிருந்து ஒருமுறை ஓட்டிக் காட்டியிருந்தால் வீட்டில் இருந்தவர்களுக்குச் சண்டையின் கரு எங்கே என்று புரிந்திருக்கும்.

இன்னொன்று, விதியைச் சொல்ல ஆள் இல்லாதது. பழைய வீரர்கள் ஆட்டத்தை அழகாக விளக்குவார்கள். ஆனால் எந்த ஃப்ரீ கிக்குக்கு விசில் கட்டாயம் என்பதை ஒரு பழைய நடுவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லியிருந்தால், அந்த இருபது நிமிடக் காத்திருப்பு லட்சக்கணக்கானவர்களுக்கு ஒரு பாடமாகியிருக்கும்.

அன்றிரவு திரையில் விரிவாக வந்த விளக்கம் கோல் அடித்தவருடையது. இத்தனை வருட ஆட்டத்தில் இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை என்றார். வெளியே போன அணியின் விளக்கம் உடனே வரவில்லை, அது அவர்கள் எடுத்த முடிவின் விளைவு. நடுவர் பேசுவதோ வழக்கமே இல்லை. ஆக மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த விஷயத்தில் ஒருவரின் வாக்குமூலம்தான் மக்களிடம் போனது. அதை நம்பியவர்கள் ஒரு பக்கம், நம்பாதவர்கள் மறுபக்கம் என்று உடனே பிரிந்துவிட்டார்கள். கோல் அடித்தவருக்கும் அவர் குடும்பத்துக்கும் இணையத்தில் வந்து விழுந்த வசை கொஞ்சநஞ்சமில்லை. கேரளப் பயிற்சியாளரை ரசிகர்கள் கொச்சியில் நாயகனைப்போல் வரவேற்றார்கள்.

ரக்பியில் நடுவரின் மைக் ஒளிபரப்பில் கேட்கும். ஐபிஎல் பார்க்கிறவர்களுக்கு மூன்றாவது அம்பயர் பேசுவது பழகிப்போன சங்கதி. கால்பந்தில் 2023இல்தான் விஏஆர் (வீடியோ பார்த்து நடுவரின் முடிவைச் சரிபார்க்கும் முறை) தீர்ப்பை நடுவர் மைக்கில் அறிவிக்கத் தொடங்கினார்கள். கண்டீரவாவில் நடுவரின் சட்டையில் ஒரு மைக் இருந்து, அந்தப் பேச்சு மட்டும் பதிவாகியிருந்தால் அன்று இரவே பாதிச் சண்டை அடங்கியிருக்கும்.

விஏஆர் இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று அப்போது நிறையப் பேர் சொன்னார்கள். ஐஎஸ்எல்லில் அது இல்லை என்பது உண்மை. ஆனால் விஏஆர் பார்ப்பது கோலுக்கு முன் ஃபவுல், ஆஃப்சைடு, பந்து வெளியே போனதா போன்றவற்றை. ஃப்ரீ கிக் எடுக்க அனுமதி கொடுத்தாரா என்ற கேள்வி அதன் பட்டியலில் தெளிவாக இல்லை. படம் எத்தனை இருந்தாலும் அந்த வார்த்தையைக் காட்டாது.

தீர்ப்புகள்

ஆட்டத்தைத் திரும்ப ஆட வேண்டும் என்று கேரளா அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பிடம் புகார் கொடுத்தது. ஒழுங்கு நடவடிக்கைக் குழு சில நாட்களிலேயே அதைத் தள்ளிவிட்டது. ஆட்டம் சம்பந்தமான விஷயங்களில் களத்தில் நடுவர் எடுக்கும் முடிவே இறுதி என்பது கால்பந்தின் அடிப்படை. வேறு தீர்ப்பு வந்திருந்தால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஓர் ஆட்டத்தைத் திரும்ப ஆட வேண்டி வந்திருக்கும்.

மார்ச் 31 அன்று தண்டனை வந்தது. கேரள அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பகிரங்க மன்னிப்பு. மன்னிப்புக் கேட்காவிட்டால் 6 கோடி. பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டத் தடை, 5 லட்சம் அபராதம், மன்னிப்புக் கேட்காவிட்டால் 10 லட்சம். இரண்டு நாளில் இருவருமே மன்னிப்பு வெளியிட்டார்கள். அந்த நேரக் கொதிப்பில் எடுத்த முடிவு என்பது அணி சொன்னதன் சாரம். மேல்முறையீடு கூட்டமைப்பிலேயே தள்ளுபடியானது.

4 கோடி அதிகமா? எனக்கு அதிகம் என்றே தோன்றியது. ஆனால் 2012இல் கொல்கத்தா டெர்பியில், அதாவது உள்ளூர் எதிரியான ஈஸ்ட் பெங்காலோடு நடந்த ஆட்டத்தில், இரண்டாம் பாதிக்கு வராமல் இருந்த மோகன் பகானுக்கு முதலில் இரண்டு ஆண்டுத் தடை விதித்து, பிறகு அதை எடுத்துவிட்டு 2 கோடி கட்டச் சொன்னதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தண்டனை பற்றி மட்டும் பேசிவிட்டு, நடுவர் சைகையை எல்லோருக்கும் தெரியும்படி காட்டுவது பற்றி எதுவும் சொல்லாமல் விட்டதுதான் என் வருத்தம்.

பெங்களூரு அரையிறுதியில் மும்பையைப் பெனால்டியில் 9-8 என்று தாண்டி, மார்ச் 18 அன்று கோவாவில் இறுதி ஆட்டத்தில் மோகன் பகானிடம் பெனால்டியில் தோற்றது.

எங்கள் பயிற்சியில் மாற்றியது

பாக்ஸ் பக்கத்தில் எதிரணிக்கு ஃப்ரீ கிக் என்றால் எங்கள் கேப்டன் நடுவரிடம் போய் ஒரே வார்த்தை கேட்க வேண்டும்: “விசிலா சார்?” ஆமாம் என்றால் சுவர் போடலாம். பதில் வராவிட்டால் பந்து எந்த நொடியும் வரும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். கோல்கீப்பர் கம்பத்தருகே நின்று சுவரைச் சரிசெய்யும்போது இன்னொருவன் பந்தையே பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும், முதுகைக் காட்டவே கூடாது. அப்புறம், நான் கோபத்தில் கோட்டைத் தாண்டப் போனால் என் சட்டையைப் பிடித்து இழுக்கும் பொறுப்பைத் துணைப் பயிற்சியாளரிடம் கொடுத்திருக்கிறேன். போன வருடம் ஒருமுறை இழுத்தார். அன்று அவர் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது, மறுநாள் போய் நன்றி சொன்னேன்.

நடுவர்களிடமும் ஒன்று கேட்க இருக்கிறது. உடனே அடிக்க அனுமதி கொடுத்தால் கையால் காட்டுங்கள், சுவருக்குள் இருப்பவனுக்கும் தெரியட்டும்.

அதன்பிறகு

ஆறு வாரம் கழித்து, ஏப்ரல் 16 அன்று, கோழிக்கோட்டில் சூப்பர் கோப்பையில் இரண்டு அணிகளும் மறுபடி சந்தித்தன. 1-1. கேரள டக் அவுட்டில் துணைப் பயிற்சியாளர் நின்றார். அடுத்த ஐஎஸ்எல் சீசனின் தொடக்க ஆட்டமும் இவர்களுக்குள்தான், கொச்சியில். கேரளா 2-1 என்று ஜெயித்தபோதும் தலைமைப் பயிற்சியாளருக்குத் தடை தீரவில்லை. அவர் திரும்பி வந்தது 2023 அக்டோபர் 27, ஒடிசாவுக்கு எதிராக. கொச்சி மைதானம் எழுந்து நின்று வரவேற்றது.

2024 ஏப்ரல் 19 அன்று கேரளா மறுபடி அதே பிளே ஆஃப் சுற்றில், மறுபடி வெளியூரில், புவனேஸ்வரத்தில் ஒடிசாவோடு ஆடியது. முதலில் கோல் போட்டு முன்னிலை பெற்றது. முடிய சில நிமிடம் இருக்கும்போது சமன் ஆனது. எக்ஸ்ட்ரா டைமின் முதல் பாதியில் ஒடிசா இரண்டாவது கோலைப் போட்டது. இந்த முறை கேரளா கடைசி விசில் வரை ஆடித் தோற்றது. ஒரு வாரத்தில் அந்தப் பயிற்சியாளரும் அணியும் பிரிந்தார்கள்.